முகம் தெரிந்த வாட்ச்மேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். செல்போன் பத்திப் பேசுங்க. போரடிக்காம பேசுங்க" என்றார். முதல் வேண்டுகோளை நிறைவேற்றுகிறேன். இரண்டாவதற்கு உத்தரவாதம் கிடையாது.

நான் 1977-ல் பௌதிகம் முடித்து வெளியேறியவன். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தெருவில் எனக்கு ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, காபி உண்டு. யார் வீட்டில் போன் மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வருவார்கள். சில வருடங்களாக அதிகம் வரும் புகார் ஒன்றுதான். "சார், முகத்தைக் காட்டினா திறக்குமே, இப்ப திறக்க மாட்டேங்குது."

இதை விளக்க எனக்கு நம் பழைய ஹாஸ்டல் வாட்ச்மேன்தான் ஞாபகம் வருகிறார். எழுபதுகளில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். இரவு ஒன்பதரைக்கு மேல் வந்தால் டார்ச் லைட்டை முகத்தில் அடிப்பார். தெரிந்த முகம் என்றால் சின்ன கேட்டைத் திறந்து விடுவார். எங்கள் அறைக்கு எதிர் அறைப் பையன் ஒருவன் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். "யாருப்பா நீ?" என்று நிறுத்திவிட்டார். அவன் அறை எண்ணைச் சொன்னான், ரோல் நம்பரைச் சொன்னான். மறுபடி டார்ச்சை அடித்துப் பார்த்து, "அட, நீயா தம்பி!" என்று உள்ளே விட்டார். மறுநாளிலிருந்து அந்த மொட்டையும் அவருக்குப் பழகிவிட்டது. வணிகவியலில் இரட்டையர் இருவர் இருந்தார்கள். ஒருவன் பெயரைச் சொல்லி இன்னொருவன் எத்தனை முறை உள்ளே போனான் என்பது அவர்களுக்கே தெரியாது.

உங்கள் கையில் இருக்கும் போன் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஐபோனில் 2017-ல், ஐபோன் எக்ஸ் என்ற மாடலில் இந்த வசதி வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் முகத்தின் மீது 30,000-க்கும் அதிகமான புள்ளிகளை அது தெளிக்கிறது. மூக்கு எவ்வளவு தூக்கல், கண்குழி எவ்வளவு ஆழம் என்று மேடுபள்ளத்தை அளக்கிறது. அதனால் இருட்டிலும் வேலை செய்யும். முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்குத் திறந்துவிடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. இரட்டையருக்கும், உருவ ஒற்றுமை உள்ள உடன்பிறப்புகளுக்கும், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நம் வாட்ச்மேன் பட்ட பாட்டை அவர்களும் பட்டிருக்கிறார்கள்!

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை வேறு ரகம். இதில் ஆண்ட்ராய்டுதான் முந்தி. 2011-லேயே முகம் பார்த்துத் திறக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் சாதாரண செல்ஃபி கேமராவால் தட்டையான படம் ஒன்றை எடுத்து ஒப்பிடுவதுதான் வழி. அன்று போட்டோவைக் காட்டினாலே திறந்தது. அடுத்த வருடம் கண் சிமிட்டச் சொன்னார்கள். இன்று எவ்வளவோ தேறிவிட்டது என்றாலும், இந்த ரகத்துக்கு வெளிச்சம்தான் உயிர். பல போன்களில் பூட்டைத் திறக்கும் அதே முகத்தை பேங்க் ஆப் ஏற்காது. விரல் ரேகையோ எண்ணோ கேட்கும். அது கோளாறு அல்ல, அந்த முகப்பூட்டின் தகுதி அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு மாமி. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, எட்டு மணிக்கு மேல் திறக்கிறது என்றார். போன் தூங்குதோ என்றுகூடக் கேட்டார். போய்ப் பார்த்தால் பூஜை அறையில் ஒரே ஒரு விளக்கு; போன் சாதாரண கேமரா ரகம். சமையலறை டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நின்று காட்டச் சொன்னேன், திறந்தது. தெருமுனை டிபன் கடைக்காரர் போனில் கேமரா மேல் எண்ணெய் ஒரு கோட்டிங்கே போட்டிருந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். ஐந்து நிமிடம் என்னைப் பெரிய விஞ்ஞானி மாதிரி பார்த்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்தார் ஒரு பெரியவர். சில போன்கள் கண் திறந்து தன்னைப் பார்க்கிறதா என்று கவனிக்கும். கண் தெரியாவிட்டால் திறக்காது. சில கறுப்புக் கண்ணாடிகள் அகச்சிவப்பு ஒளியையே தடுத்துவிடும்.

நம் வயதுக்காரர்களிடம் இன்னொன்று. போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறோம். கேமராவுக்குத் தெரிவது தாடையும் மூக்குத் துவாரமும்தான். பாவம், அது என்ன செய்யும்? முகத்துக்கு நேராக, ஒரு முழத்துக்குள் பிடியுங்கள். புதிதாக ஒட்டிய ஸ்க்ரீன் கார்டின் கறுப்பு ஓரம் கேமராவை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் பழைய முகத்தை அழித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நிதானமாகப் புதிதாகப் பதிய வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தபின்னோ, வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றியபின்னோ முகம் எடுக்கவில்லை என்றால் மட்டும் என்னிடம் வராதீர்கள். ஐபோனில் அந்த முகம் பார்க்கும் கேமராத் தொகுதியும் உள்ளே இருக்கும் போர்டும் ஜோடி சேர்த்து அனுப்பப்பட்டவை. இன்னொரு போனிலிருந்து கழற்றிச் சும்மா பொருத்தினால் மட்டும் போதாது. அது என் காபிக்கு மீறிய வேலை.

இதுவரை சொன்னது சின்ன விஷயம். இனிமேல் சொல்வதற்காகத்தான் நான் வந்தேன்.

வாட்ச்மேனுக்கு நம் முகம் எவ்வளவு தெரிந்தாலும், லீவு முடிந்து ஹாஸ்டல் திறக்கும் நாளில் அவர் கேட்டைத் திறக்க மாட்டார். "வார்டன் கையெழுத்து வாங்கிட்டு வா தம்பி" என்பார். "என்ன அண்ணே, என்னைத் தெரியாதா?" என்றால், "தெரியும். ஆனா இன்னிக்கு முகம் செல்லாது" என்பார். போனிலும் ஒரு வார்டன் உண்டு. அதுதான் பின் நம்பர் என்கிறோமே, அந்த ரகசிய எண். போனை அணைத்துப் போட்டால், அல்லது சார்ஜ் தீர்ந்து மீண்டும் உயிர் வந்தால், முதல் முறை எண்ணைத்தான் கேட்கும். ஐபோனில் ஐந்து முறை முகம் தவறினால் கேட்கும். 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் கேட்கும். ஆண்ட்ராய்டில் நாளுக்கு ஒரு தடவை, சில போன்களில் மூன்று நாளைக்கு ஒரு தடவை கேட்கும். உள்ளே இருக்கும் படம், கடிதம், கணக்கு எல்லாம் பூட்டப்பட்டிருப்பது அந்த எண்ணோடு பின்னிய சாவியால்தான். முகம் அந்தச் சாவியை எடுத்துத் தரும் ஆள், சாவி அல்ல. ஐபோனில் முகம் மாறி, அடையாளம் கிட்டத்தட்ட ஒத்துப்போய்த் தவறும்போது, உடனே எண்ணைப் போட்டுத் திறந்தால் அந்த முகத்தையும் அது கற்றுக்கொள்ளும். மொட்டைத் தலையன் ரோல் நம்பர் சொன்ன கதைதான்.

என் அறைத்தோழன் ஒருவன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றான்.

மன்னார்குடியில் இருக்கிறான். அவன் மனைவி, எனக்குத் தங்கை மாதிரி, உடம்பு முடியாமல் இருந்த கடைசி மாதங்களில் ஒரு காரியம் செய்தார். தனக்குப் பின்னால் இவன் பட்டினி கிடப்பான் என்று தெரியும். வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், மிளகு ரசம் என்று ஒவ்வொன்றாகப் படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, இவன் தன் போனில் பதிவு செய்துகொண்டான். பதினோரு பதிவுகள். அவர் போன பிறகு அடுப்பு மேடையில் போனை வைத்து, அந்தக் குரல் சொல்லச் சொல்லச் சமைப்பான். நானே ஒருநாள் பார்த்தேன். "புளி போதும், இன்னும் விடாதீங்க" என்று அந்தக் குரல் சொன்னதும் இவன் கையை நிறுத்துகிறான்.

அன்றைக்கு அவன் பாக்கெட் டைரியில் போனின் ரகசிய எண்ணை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, பூட்டையும் சாவியையும் ஒரே சட்டைப் பையிலயா வைப்பே? பஸ்ல எவனாவது அடிச்சா?" என்று திட்டி, அந்தப் பக்கத்தை நானே கிழித்துப் போட்டேன். "மனசுல வச்சுக்கோ, போதும்" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே, "விரலுக்கே தெரியும்டா" என்றான். உண்மைதான், விரல் தானாகப் போய் அந்த எண்களைத் தட்டும்.

எட்டு மாதம் கழித்து அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கை தூக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. வீட்டுக்கு வந்தபின் மகள் சார்ஜ் போட்டு அவன் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறாள். திறக்கவில்லை. வாய் கோணியதால்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்த காட்சியை மறக்க முடியாது. அவனைத் தலையணை வைத்து நிமிர்த்தி, மகள் ஒரு கையால் தொங்கிய கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, கொஞ்சம் சிரிங்கப்பா." அவன் கண்ணில் தண்ணீர்.

நான் திரையைப் பார்த்தேன். போனை மறுபடி ஆன் செய்தபின் எண் தேவை என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக யாரும் அதைப் படிக்கவில்லை. அது முகத்தைப் பார்க்கவே இல்லை! கோணாத முகமாக இருந்தாலும் திறந்திருக்காது.

"எண் என்னடா?" என்று கேட்டேன். யோசித்தான். வாய் குழறி ஒரு எண்ணைச் சொன்னான், தப்பு. இன்னொன்று, தப்பு. இடது கையால் தட்டிப் பார்த்தான். அந்த விரலுக்குத் தெரியவில்லை. தவறத் தவறக் காத்திருக்கச் சொல்லும் நேரம் நீண்டது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அப்புறம் மணிக்கணக்கு. கல்யாண நாள், மகள் பிறந்த நாள், எங்கள் ஹாஸ்டல் அறை எண் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எழுதி வைத்திருந்த ஒரே இடத்தைக் கிழித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மாதம் போனைத் தொடாமல் வைத்திருந்தோம். பேச்சு தெளிந்தது, முகமும் நேரானது, எண் மட்டும் வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துத் திறப்பது ஒன்றுதான் வழி என்றாயிற்று. கணக்கின் பாஸ்வேர்டு மகளிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் அழித்த போனும் உபயோகப்படாது. படங்கள் அந்தக் கணக்கில் தானாகச் சேமிப்பாகி இருந்ததால் திரும்பி வந்தன. பதினோரு பதிவுகளும் அந்தச் சேமிப்பில் இல்லை. போய்விட்டன.

ஆகவே நான் என் பழைய உபதேசத்தை இந்த மேடையில் வாபஸ் வாங்குகிறேன். எழுதி வையுங்கள். சட்டைப் பையில் வேண்டாம், போன் உறையில் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில், ஒரு கவரில். நம்பிக்கையான ஒருவருக்கு அந்த இடத்தைச் சொல்லுங்கள். எண்ணை மாற்றினால் கவரையும் மாற்றுங்கள். நமக்குப் பின் நம் கணக்கை யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்க கூகிளில் 2013 முதலும், ஆப்பிளில் 2021 முதலும் வழி இருக்கிறது. பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். முக்கியமான குரல் பதிவு இருந்தால் இன்றைக்கே இன்னொருவர் போனுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாஸ்டலில் தூங்குகிறவன் முகத்தில் அவன் போனைக் காட்டித் திறக்கும் விளையாட்டு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். கண் திறந்திருந்தால் மட்டும் திறக்கும்படி செட்டிங்ஸில் ஒரு வசதி பல போன்களில் உண்டு. இன்று இரவே போட்டு வையுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்து, முகத்தைப் பதிந்துவிட்டு, எண்ணை நீங்களே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பி வருகிறீர்களே, அந்த எண் அவர்களுக்குத் தெரியுமா என்று இந்த வார லீவில் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பௌதிக லேபில் நான்கு மணி வரை இருப்பேன். முகம் திறக்காத போன்களைக் கொண்டு வாருங்கள். வரும்போது ரகசிய எண் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அது இல்லாமல் புது முகம் பதியக்கூட என்னால் முடியாது. என் அறைத்தோழனும் கூட இருப்பான். அவன் இப்போது இடது கையால் வத்தக்குழம்பு வைக்கிறான். புளி கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது.