தடங்கலுக்கு வருந்துகிறோம்



பத்தாம் ஆண்டு விழாவில் காப்பியம் எதையேனும் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது இரண்டே சொற்கள்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. வானொலியில் கேட்டோம், தொலைக்காட்சியில் படம் அறுபட்டபோது எழுத்தில் கண்டோம். இன்று மேடையில் ஒலிபெருக்கி ஊமையானால் நாமே சொல்லிச் சிரிக்கிறோம்.

‘தடு’ என்னும் வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். அதன்வழி வந்தது தடை. தடை என்றால் தடுத்தவர் ஒருவர் உண்டு. ‘தடங்கு’ அத்தகையதன்று. அதிலிருந்து வரும் தடங்கல் தானே நேர்வது. மழை, மின்சாரம், பழுதான கருவி. எவரையும் சுட்ட வேண்டியதில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம் நிறையுமுன் பிறந்தது. அந்நாளைய தணிக்கைக்குத் தடங்கல் என்ற பெயர் பொருந்தாது.

இந்தியில் இதே அறிவிப்பு ‘ருகாவட் கே லியே கேத் ஹை’ என வரும். தடங்கலுக்கு வருத்தம் உண்டு என்பது பொருள். வருத்தம் இருக்கிறது, வருந்துபவரைக் காணோம். தமிழில் எழுதியவர் அவ்வழியை நாடவில்லை. ‘ஓம்’ விகுதி ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எந்த ஆள்? நாங்களா, நாமா? இரண்டுக்கும் விகுதி ஒன்றே. எழுவாய் தோன்றாமையால், பறிகொடுத்த நேயரும் நிலையத்தாரோடு சேர்ந்து வருந்தியவராகிறார். இலக்கணம் செய்த குறும்பு இது!

இளமையில் ஒரு வானொலிக் கவியரங்கில் நானும் பாடினேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். எங்கள் ஊர்க் கிணற்றில் யார் நீர் இறைக்கலாம், யார் கூடாது என்பது பொருள். பதிவு செய்து சில நாள் கழித்து ஒலிபரப்பினார்கள். அண்டை வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு காத்திருந்தேன். என் பெயர் வந்தது, முதலடி வந்தது, ஒலி நின்றது. பிறகு இந்தத் தொடர். அடுத்து வேறொரு கவிஞர்.

தடங்கலா தடையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டு எழுதிய கடிதத்துக்கு விடை வரவில்லை. அம்மா மட்டும், “அதான் வருத்தப்படுறாங்களேப்பா” என்றார். அவர் ‘நாங்கள்’ என்றே பொருள் கொண்டார். நானோ அன்றுமுதல் அந்தக் கிணற்றைப் பற்றி எந்த அரங்கிலும் வாய் திறக்கவில்லை. அதற்கு எந்த நிலையத்தைக் குறை சொல்வது?

அக்கவிதையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒலிபெருக்கி ஒத்துழைத்தால் இப்போது படிக்கிறேன்.