எட்டு பாயிண்ட் கணக்கு

(மணிமுத்தாறில் நடந்த இளைஞர் சந்திப்பில் நம் ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். கடைசி வரை படிச்சிட்டு உங்க கிளை குரூப்ல பகிருங்க தோழர்களே.)

 

சோஷியல் மீடியா வேலையைப் பத்திப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அதையும் கடைசியில பேசுறேன். அதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டைப் பத்திச் சொல்லணும். அதுக்கும் முன்னாடி ஒரு அண்ணாச்சியைப் பத்தி.

2021 சட்டமன்றத் தேர்தல். நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிக்கிட்டிருந்தேன், கட்சியில இல்ல. வாக்குச்சாவடியில வீல்சேர் தள்ளுறதுக்குத் தன்னார்வலரா போட்டிருந்தாங்க. மத்தியானம் போல ஒரு அண்ணாச்சி வந்தாரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தென்னை மரத்துல ஏறும்போது வழுக்கி விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சவர். கால் அசையாது. கையைத் தூக்குவாரு, ஆனா விரல் மடங்காது. மை வைக்கிற அலுவலர் அவர் விரலைப் பிடிச்சு நீட்டித்தான் மை வச்சாரு.

ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பும்போது கேட்டேன், "அண்ணாச்சி, வெளிய வந்து ரொம்ப நாளாச்சோ?" அவர் சொன்னாரு: "விழுந்து ஏழு வருசம் ஆச்சு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போவேன், ஓட்டுக்கு வருவேன். வேற எங்கயும் இல்ல. டேம் இந்தா இருக்கு, நாலு கிலோமீட்டர். 118 அடியில எத்தனை அடி தண்ணி நிக்குதுன்னு பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுதேன்."

நானும் சிரிச்சிட்டு, "ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி"ன்னு சொன்னேன். போகல. பரீட்சை, வேலை, அப்புறம் கட்சி வேலைன்னு நாள் ஓடிருச்சு.

2024 செப்டம்பர் 2. பாரிஸ் பாராலிம்பிக்ல வீல்சேர் ரக்பி இறுதிப் போட்டி. ஜப்பான், அமெரிக்கா. சும்மா போன்ல ஓட விட்டேன். ரெண்டு நிமிஷத்துல நிமிர்ந்து உக்காந்துட்டேன். இரும்பும் இரும்பும் மோதுற சத்தம். ஒருத்தர் சேரோட கவிழ்ந்து விழுறாரு, தூக்கி நிறுத்தினதும் அடுத்த நொடி பாய்றாரு. அதைவிட என்னை நிறுத்தினது அவங்க கை. பலர் கையில விரல் மடங்கல. மணிக்கட்டால சக்கரத்தைத் தள்ளுறாங்க, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல பந்தைப் பிடிக்கிறாங்க. அந்த அண்ணாச்சியோட கை மாதிரியே இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த விளையாட்டு எப்படி வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். 1970-கள்ல கனடாவுல வின்னிபெக் நகரத்துல சில பேர் ஆரம்பிச்சது. ஏன் ஆரம்பிச்சாங்க தெரியுமா? அப்போ வீல்சேர் கூடைப்பந்து இருந்துச்சு. ஆனா அதை ஆடணும்னா கை நல்லா வேலை செய்யணும், பந்தைத் தூக்கிக் கூடையில போடணும். கழுத்துல அடிபட்டு கையும் பாதி போனவங்க அங்கயும் பெஞ்சுலதான் உக்காரணும். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுலயே ஒதுக்கப்பட்டவங்க தங்களுக்குன்னு உருவாக்கினது இது. மோதல் பலமா இருக்குன்னு முதல்ல 'மர்டர்பால்'னு பேர் வச்சாங்க. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்ல காட்சிப் போட்டியா நடந்துச்சு, 2000 சிட்னியில பதக்கப் போட்டி ஆச்சு.

ஆட்டம் கூடைப்பந்து மைதானத்துலதான். பக்கத்துக்கு நாலு பேர். வாலிபால் மாதிரி ஒரு பந்து, மடியில வச்சுக்கிட்டு ஓட்டலாம். பத்து நொடிக்கு ஒரு தடவை தட்டணும், இல்லன்னா பாஸ் கொடுக்கணும். பந்தோட ரெண்டு சக்கரமும் கோல் கோட்டைத் தாண்டினா ஒரு புள்ளி. ஆணும் பெண்ணும் ஒரே அணியில ஆடலாம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க தோழர்களே.

ஒவ்வொரு வீரருக்கும் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்குதுன்னு பார்த்து ஒரு பாயிண்ட் கொடுப்பாங்க. ரொம்பப் பாதிக்கப்பட்டவருக்கு 0.5. குறைவா பாதிக்கப்பட்டவருக்கு 3.5. களத்துல இருக்கிற நாலு பேர் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. களத்துல ஒரு பெண் இருந்தா அந்த அணிக்குக் கூடுதலா அரை பாயிண்ட் அனுமதி.

கணக்குப் போட்டுப் பாருங்க. பலமான ஆள் ரெண்டு பேர், 3.5-ம் 3.5-ம், இறக்குனா 7 ஆச்சு. மீதி 1 பாயிண்ட்ல ரெண்டு பேர் வேணும். 0.5-ம் 0.5-ம் இருந்தாத்தான் அணியே இறங்க முடியும். நாலு பேரும் பலசாலியா இருக்கிற அணியை விதி உள்ளயே விடாது. இப்படிப் பலசாலிகளை இறக்கணும்னா ரொம்பப் பாதிக்கப்பட்டவரும் களத்துல இருக்கணும். அவர் சும்மா எண்ணிக்கைக்கு நிக்கிறவரும் இல்ல. தன் சேரைக் குறுக்க விட்டு எதிரணியோட வேகமான ஆளைப் பூட்டி வைப்பாரு. அந்த இடைவெளியிலதான் கோல் விழும்.

நாம மேடைக்கு மேடை சமூக நீதின்னு பேசுறோம். இடஒதுக்கீடு வந்தா தரம் போயிடும்னு சொல்றவங்ககிட்ட ராத்திரி பூரா கமெண்ட்ல சண்டை போடுறோம். இந்த விளையாட்டுல அந்த நீதியை விதிப் புத்தகத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அதனால தரம் குறைஞ்சுதா? அந்த இறுதிப் போட்டியைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

ஜப்பான் கதையைக் கேளுங்க. 2004 ஏதென்ஸ்ல முதல் தடவையா பாராலிம்பிக் போனாங்க. எட்டு அணியில எட்டாவது இடம். 2008 பெய்ஜிங்ல ஏழாவது. 2012 லண்டன்ல நாலாவது, பதக்கம் கைக்குக் கிட்ட வந்து போச்சு. 2016 ரியோவுல வெண்கலம். 2018-ல ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே ஒரே புள்ளியில, 62-61, ஜெயிச்சு உலக சாம்பியன். சொந்த ஊர் டோக்கியோவுல தங்கம்னு எதிர்பார்த்தாங்க, மறுபடி வெண்கலம்தான். 2024 பாரிஸ்ல அமெரிக்காவை 48-41-னு ஜெயிச்சு தங்கம். கடைசி இடத்துல இருந்து முதல் இடத்துக்கு வர இருபது வருஷம். அந்தத் தங்க அணியில கே குரஹாஷின்னு ஒரு பெண்ணும் இருந்தாங்க.

பாரிஸ்ல எட்டு நாடு ஆடுச்சு. இந்தியா இல்ல. வீல்சேர் ரக்பியில நம்ம நாடு இன்னும் ஒரு பாராலிம்பிக்கும் பார்க்கல. நம்மகிட்ட திறமை இல்லையா? அதே பாரிஸ்ல நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாலு பேர் பதக்கம் வாங்கினாங்க. பேட்மிண்டன்ல துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். உயரம் தாண்டுதல்ல மாரியப்பன் தங்கவேலு வெண்கலம், அவருக்குத் தொடர்ந்து மூணாவது பாராலிம்பிக் பதக்கம். தனி ஆளா போராடி வர்றவங்க நம்மகிட்ட இருக்காங்க. அணிங்கிறது வேற. அதுக்கு ஆள் வேணும், சேர் வேணும், தரை வேணும், வீட்டுல இருக்கிறவரை வெளிய கூட்டிட்டு வர ஒருத்தர் வேணும்.

இதெல்லாம் நம்ம நாட்டுல நடக்குமான்னு கேட்டா, பக்கத்து விளையாட்டுல நடந்திருக்கு. அதுவும் சென்னையில. மாதவி லதான்னு ஒரு அம்மா. குழந்தையிலேயே போலியோ. வங்கித் துறையில வேலை, உடம்பு சரியாகணும்னு நீச்சல் பழகி தேசிய அளவுல ஜெயிச்சாங்க. தனக்குக் கிடைச்சது எல்லாருக்கும் கிடைக்கணும்னு 2014-ல இந்திய வீல்சேர் கூடைப்பந்து கூட்டமைப்பு உருவாகக் காரணமா இருந்தாங்க. சர்வதேச செஞ்சிலுவைக் குழு துணைக்கு வந்துச்சு. அஞ்சு வருஷத்துல இந்தியப் பெண்கள் அணி ஆசிய அளவுல ஆடத் தயாராச்சு.

2019 ஆகஸ்ட். பெண்கள் அணிக்குச் சென்னையில முகாம். காஷ்மீர் பாராமுல்லாவைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர்ங்கிற பொண்ணும் வரணும். அந்த நேரம் பார்த்து காஷ்மீர்ல போன், நெட் எல்லாம் கட். சென்னையில இருக்கிற பயிற்சியாளர் லூயிஸ் ஜார்ஜால அந்தப் பொண்ணுக்குத் தகவல் சொல்லவே முடியல. அவருக்குத் தெரிஞ்ச ஓய்வு பெற்ற கர்னல் ஐசன்ஹோவர் அங்க இருக்கிற ராணுவ, போலீஸ் நண்பர்களைப் பிடிச்சாரு. அவங்க தேடிப் போய் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு சென்னை வந்துச்சு.

காஷ்மீர்ல ஒரு கதவைத் தட்ட சென்னையில இருந்து முடிஞ்சிருக்கு. நாலு தெரு தள்ளி இருந்த கதவை என்னால தட்ட முடியல. அதைத்தான் இங்க நின்னு ஒத்துக்கிறேன்.

இன்னும் கிட்ட வர்றேன். தென்காசி பக்கம் ஆய்க்குடி தெரியும்ல? அங்க எஸ்.ராமகிருஷ்ணன் ஐயா. இன்ஜினியரிங் நாலாவது வருஷம் படிக்கும்போது, 1975-ல, கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போனவர். உடல்தகுதிச் சோதனையில விழுந்து கழுத்துக்குக் கீழ எல்லாம் செயலிழந்து போச்சு. ஊருக்குத் திரும்பி வந்து 1981-ல அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினாரு. இன்னைக்கு முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அங்க நடக்குது. 2020-ல பத்மஸ்ரீ. கழுத்துக்குக் கீழ அசையாத ஒருத்தர் ஒரு ஊரையே அசைச்சிருக்காரு. நாம நடமாடிக்கிட்டு என்ன செஞ்சோம்னு யோசிக்கணும்.

நம்ம பக்கம் பனையும் தென்னையும் ஏறுறவங்க உண்டு. கிணத்துல விழுந்தவங்க, பைக்ல அடிபட்டவங்க உண்டு. வின்னிபெக்ல இந்த விளையாட்டை ஆரம்பிச்சவங்க மாதிரியான ஆட்கள் நம்ம ஒவ்வொரு ஊர்லயும் ஏதோ ஒரு அறைக்குள்ள படுத்திருக்காங்க.

இப்போ வேலை.

முதல் வேலை. நம்மகிட்ட வாக்காளர் பட்டியல் இருக்கு. எந்த வீட்டுல எத்தனை ஓட்டுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். அந்த வீடுகள்ல வீல்சேர்லயோ கட்டில்லயோ இருக்கிறவங்க யாருன்னு தெரியுமா? போய்ப் பாருங்க. அவங்க சம்மதிச்சா மட்டும் பேரை எழுதுங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கா, உதவித்தொகை வருதா, இருக்கிற சேர் அவங்க உடம்புக்குப் பொருந்துதான்னு கேளுங்க.

ரெண்டாவது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதுவோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30-வது பிரிவு, விளையாட்டுல அவங்க பங்கேற்க அரசு வழி செய்யணும்னு சொல்லுது. நாம யார்கிட்டயும் சலுகை கேட்கல. மாவட்டத்துல கூரை போட்ட, சமமான தரை உள்ள ஒரு அரங்கத்துல வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். சரிவுப் பாதை. வீல்சேர் நுழையிற கழிப்பறை. கூரை ஏன் கேட்கிறோம்னா, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு உடம்பு சரியா வேர்க்காது, சூடு இறங்காது. வெளிநாட்டு வீரர்களே ஆட்டத்துக்கு நடுவுல மேல தண்ணி தெளிச்சுக்கிறாங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல திறந்த மைதானம் அவங்களுக்கு ஆபத்து.

மூணாவது, என்னை மாதிரி இன்ஜினியரிங் முடிச்சவங்களுக்கு. ரக்பி சேர் வெளிநாட்டுல இருந்து வாங்கினா லட்சக் கணக்குல ஆகும். சக்கரம் ரெண்டும் கீழ்ப்பக்கம் விரிஞ்சு சாய்வா இருக்கும், கவிழாம சட்டுனு திரும்புறதுக்கு. ஆரக்கால்ல அடிபடாம தகடு, முன்னாடி மோதுறதுக்குக் கம்பி, பின்னாடி சின்ன சக்கரம். சென்னை ஐஐடியில ஆளுக்கு ஏத்த அளவுல வீல்சேர் வடிவமைச்சு, அது நியோஃப்ளைங்கிற பேர்ல விற்பனைக்கே வந்திருக்கு. அப்போ நம்ம மாவட்டத்து காலேஜ் மெக்கானிக்கல் பசங்க கடைசி வருஷ ப்ராஜெக்ட்டா பயிற்சிக்கு ஒரு சேர் செஞ்சு பார்க்கலாம். வெல்டிங் பட்டறை அம்பையிலேயே இருக்கு.

இப்போ சோஷியல் மீடியா. ஒரே விஷயம்தான். வீல்சேர் கொடுக்கிற மாதிரி போட்டோ எடுத்துப் போடுறதை நிறுத்துவோம். சேர்ல இருக்கிறவர் கீழ பார்த்துக்கிட்டு, சுத்தி பத்துப் பேர் கேமராவைப் பார்த்துக்கிட்டு. நானே அந்த மாதிரி போஸ்டர் டிசைன் பண்ணியிருக்கேன். இனி பண்ண மாட்டேன். அவங்க ஆடும்போது எடுப்போம்.

போன மாசம் அந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு, கோபப்படல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இறுதிப் போட்டியைப் போன்ல போட்டுக் காட்டினேன். பேசாம பாத்தாரு. முடிஞ்சதும் இன்னொரு தடவை போடச் சொன்னாரு. ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லி, "இந்த ஆளுக்கும் விரல் மடங்கல பாரு"ன்னாரு. 0.5 பாயிண்ட் ஆள் அண்ணாச்சி, இவர் மாதிரி ஆள் இருந்தாத்தான் பலசாலிகளை இறக்க முடியும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாரு: "இங்க நாலு பேர் சேருவாங்களா தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதில் நான் மட்டும் சொல்ல முடியாது. நீங்க உங்க ஊருக்குப் போய் கதவைத் தட்டிட்டு வந்து சொல்லணும்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில அண்ணாச்சியோட டேமுக்குப் போறோம். சேர் தள்ள ரெண்டு பேர் வேணும். வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க. போட்டோ கிடையாது.



#எட்டுபாயிண்ட்கணக்கு #வீல்சேர்ரக்பி #மணிமுத்தாறு #கதவைத்தட்டுவோம்