தெரியாத கோப்பு வந்தால்

போடிநாயக்கனூர் ஏலத்தில் மூட்டைமேல் எழுதியிருப்பதை நம்பி யாரும் விலை கேட்பதில்லை. மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். மேகமலை ஏலத்தோட்டக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டருக்கு வரும் கோப்புக்கும் அதே சோதனை வேண்டும்.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் அதன் வகையைச் சொல்பவை. விண்டோஸ் இந்த வாலை வழக்கமாக மறைத்தே வைக்கும். அதனால் ‘மானியப்பட்டியல்.பிடிஎஃப்’ என்று கண்ணுக்குத் தெரிவதன் பின்னால் ‘.இஎக்ஸ்இ’ என்ற வால் ஒளிந்திருக்கலாம். தட்டினால் பட்டியல் வராது. ஒரு புரோகிராம் ஓடும். பாங்கு ரகசிய எண் களவுபோக அது போதும்.

ஆகவே கோப்பைத் தட்டாதீங்க. முதலில் நோட்பேடைத் திறந்து, ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ போய், ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றி, அங்கிருந்து கோப்பை எடுங்கள். ஒரே கிறுக்கலாகத் தெரியும், பயம் வேண்டாம். முதல் எழுத்துகளை மட்டும் பாருங்க. ‘பிடிஎஃப்’ என்றிருந்தால் பிடிஎஃப்தான். ‘எம்இசட்’ என்றிருந்தால் அது புரோகிராம், அழித்துவிடுங்கள். ‘பிகே’ என்றால் ஜிப் மூட்டை. வேர்டு 2007 முதல் வந்த ‘டாக்எக்ஸ்’ கோப்பும் இந்த ஜாதிதான். வேர்டு 2003 அதைத் தானாகத் திறக்காது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் திறக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் அதில் 25.2 பதிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்போன் புரோகிராமான ‘ஏபிகே’யும் ‘பிகே’ என்றே தொடங்கும். வாலில் ‘ஏபிகே’ இருந்தால், அனுப்பியவர் சொந்த மச்சானே ஆனாலும், போன் போட்டுக் கேட்காமல் தொடாதீங்க.