நாய்க்கு இடும் பண்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசுவதே மரபு. அம்மேடையில் நாய்க்குக் கொடுக்கும் தின்பண்டத்தைப் பற்றிப் பேச முன்வந்தோம் என்றால், அவையில் சிலர் முறுவலிக்கக்கூடும். முறுவலித்தல் தவறன்று, ஆயினும் முடிவு வரை செவி சாய்க்க வேண்டுகிறோம். நாயின் வட்டிலில் எது விழுகிறது என்னும் வினா, நம் குழந்தைகளின் தட்டில் எது விழுகிறது என்னும் வினாவோடு பிணைந்து கிடப்பது.

நாயை நன்றியுள்ள உயிர் என்று வாயால் புகழ்வதோடு தமிழர் நின்றாரல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆநிரை காக்கும் போரில் மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. அந்நாயின் பெயரும் உண்டு. கோவிவன் என்பது அப்பெயர். நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம், நம் வாயிலைக் காக்கும் நாய்க்கு என்ன கொடுக்கிறோம் என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமா?

நம் காலனியில் பெரும்பாலும் நடப்பது இதுவே. உண்டு மிஞ்சியது நாய்க்கு, ஊசிப்போனது நாய்க்கு, சொத்தைக் கடலை நாய்க்கு. இது ஒரு புறம். மறு புறம், நாயைப் பிள்ளைபோல் வளர்ப்போர் தம் வாயில் இனிப்பது எதுவோ அதையே அதன் வாயிலும் இடுகின்றனர். முன்னையது புறக்கணிப்பு, பின்னையது பேரன்பு. இரண்டும் நாய்க்குக் கேடாய் முடிவதுண்டு. ஆதலின் மூன்று நெறிகளைக் கூற விழைகின்றோம்.

முதல் நெறி: நாம் உண்ணத் தகாததை நாய்க்கும் இடலாகாது.

இக்குடுபல்லி வட்டாரம் மானாவாரி மண். கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும் பூமி. நிலக்கடலை ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அப்பூசணங்களுள் ஒருவகை அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அஃது ஈரலைத் தாக்குவது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் அழியாதது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓராயிரம் ஈராயிரம் அல்ல, ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் எனத் துருவிக் கண்டபோதுதான் இந்நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது.

வான்கோழியோடு இக்கதை நிற்கவில்லை. 1974-ஆம் ஆண்டு, இராசத்தானமும் குசராத்தும் கூடுமிடத்தில் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மக்கள் உண்டனர். வறுமை, வேறு தானியம் இல்லை. 397 பேர் மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு நோயுற்றனர். 106 பேர் மாண்டனர். ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று நம் நெஞ்சை உலுக்குவது. அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அதுவும் மனிதர்க்கு வருமுன்னரே வந்தது!

நாய் முன்னே வீழ்ந்தது. அதன் பின் மனிதன் வீழ்ந்தான். அன்று அந்நாய்களின் நோயைப் படிக்க ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆதலின் தாய்மார்களே, பூசணம் பிடித்த கடலையை முறத்திலிருந்து புடைத்து நாய்க்கு எறியாதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் எறியாதீர்கள். மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கடையில் விற்கும் பொட்டலத் தீனி என்றால் அச்சமில்லை எனக் கருதுவோர் உளர். 2020-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் ஒரு வகை நாய்த்தீனியில் இதே நஞ்சு காணப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகச் செய்தி பதிவாயிற்று. பளபளக்கும் உறை பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. தேதி பார்த்து வாங்குக. பிரித்தபின் ஈரம் படாது மூடி வைக்குக. நாற்றம் மாறினால் எறிந்துவிடுக.

இரண்டாம் நெறி: நாம் உண்பன யாவும் நாய்க்குத் தகும் என்பதும் இல்லை.

நாய் நம்மோடு 15,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு 2013-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு நாய்க்குப் பல மடங்காகப் பெருகியிருக்கிறது. நம் சோற்றில் பங்கு கொண்டு கொண்டு, சோறு செரிக்கும் வயிற்றை அது பெற்றுவிட்டது. எனினும் அதன் உடல் நம் உடல் அன்று. நமக்கு அமுதாவது அதற்கு நஞ்சாவதுண்டு.

திராட்சையை முதலில் சொல்வோம். பழமாயினும் உலர்ந்ததாயினும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் பிழைக்கும். மற்றொன்று சில தின்றே வீழும். பாயசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை மிதக்கிறது. திருப்பதி லட்டிலும் அது சேர்கிறது. பிரசாதத்தை வாயில்லா உயிர்க்கும் பங்கிடுவோம் என்று எண்ணுவது நல்ல உள்ளமே. ஆயினும் அப்பங்கு நாய்க்கு வேண்டாம்.

திராட்சையில் எப்பொருள் கேடு செய்கிறது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 2021-இல் அமெரிக்க விலங்கு மருத்துவர் சிலர் டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்றனர். அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று நம்மைத் திடுக்கிட வைப்பது. புளி தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டது! புளியிலும் அவ்வமிலம் மிகுதி. புளியோதரையும் வற்றல் குழம்பும் இல்லாத தமிழ் இல்லம் ஏது? நம் நாவுக்கு அவை விருந்து. நாய்க்கு வெறுஞ்சோறே விருந்து.

வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உடல் எடையில் இருநூற்றில் ஒரு பங்கு வெங்காயத்தை ஒரே வேளையில் தின்றால் கேடு விளையும். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம். வேகவைப்பதால் அத்தீமை நீங்காது. சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாயின் நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறாக்கும். கறுப்புச் சாக்லேட்டு மிகவும் கொடிது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் மெல்லும் மிட்டாய்களில் சைலிடால் இருக்கலாம். அது நாயின் குருதிச் சர்க்கரையைத் திடுமெனத் தாழ்த்திவிடும். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். சித்தூர்ச் சீமையின் மாம்பழச் சதையைச் சிறிது கொடுக்கலாம். கொட்டையைக் கொடுத்தால் குடலை அடைத்துக்கொள்ளும்.

இவற்றுள் ஒன்றை நாய் தின்றுவிட்டது எனத் தெரிந்தால், உப்பு நீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது புதுத் தீங்கை விளைக்கும். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் உடனே செல்லுங்கள். நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திருப்பது காலத்தை இழப்பதாகும்.

மூன்றாம் நெறி: நல்லதையும் அளந்தே இடல் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. நாள் உணவில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் தின்பண்டமாக இருத்தலாகாது என்பர் விலங்கு மருத்துவர். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி போதும். பண்டத்தின் பங்கு 60 கலோரி. தேநீரில் தோய்க்கும் குளுக்கோசு பிஸ்கோத்து ஒன்று சுமார் 25 கலோரி. இரண்டு கொடுத்தால் நாளின் கணக்குத் தீர்ந்தது. தாத்தா இரண்டு, பாட்டி இரண்டு, பேரன் இரண்டு என்று ஆளுக்கு ஆள் கொடுத்தால் அன்பு பெருகும். நாயின் உடலும் பெருகும். பெருத்த நாய்க்கு மூட்டு வலியும் மூச்சிரைப்பும் வரும், வாழ்நாளும் குறையும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. காலையில் அன்றைய பண்டத்தை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். வீட்டார் அனைவரும் அதிலிருந்தே கொடுங்கள். கிண்ணம் ஒழிந்தால் கொடையும் ஒழிந்தது.

அவ்வாறாயின் எதைத்தான் கொடுப்பது என்று கேட்பீர்கள். வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு, உப்பும் காரமும் சேராது வெந்த கோழிக்கறி, எலும்பு நீக்கியது, கேரட்டு, வெள்ளரிக்காய், அவித்த பூசணி, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, விதை நீக்கிய தர்ப்பூசணி, சட்டினி தொடாத இட்டிலித் துண்டு, பால் ஒத்துக்கொள்ளும் நாய்க்குச் சிறிது தயிர். கேழ்வரகு நம் மண்ணின் செல்வம். அதைத் தமிழர் களி என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். கன்னடர் முத்தே என்பர். மூன்று மொழியும் கூடும் இவ்வெல்லையில் வாழும் நாய்க்கு அவ்வேற்றுமை தெரியாது. உப்பிடாது கிளறி ஆறவைத்த சிறு உருண்டையை எம்மொழியார் கொடுத்தாலும் வாலாட்டி உண்ணும். ஆனால் களியொன்றே அதற்கு முழு உணவாகாது. புரதம் வேண்டும் என்பதை மறவற்க.

இவற்றுள் ஒன்றேனும் விலை மிகுந்த பொருளா? இல்லை. நம் அடுக்களையில் இருப்பவையே. தாளிப்பதற்கு முன், புளி கரைப்பதற்கு முன், உப்பிடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வைக்கும் நினைவு ஒன்றே நமக்குத் தேவை. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது கழிவு. உண்ணுமுன் எடுத்து வைப்பது பங்கு. நம்மை நம்பி வாழும் உயிர்க்குரியது கழிவு அன்று, பங்கு.

இறுதியாக, இன்று விழா விருந்து நடைபெற இருக்கிறது. பாயசமும் புளியோதரையும் வெங்காயச் சாம்பாரும் இலையில் உண்டு. பந்தி முடிந்தபின் எச்சில் இலைகளை மதிலோரத்தில் குவித்தால் காலனி நாய்கள் அவற்றின் மேல் விழும். பரிமாறும் இளைஞர்களை வேண்டுகிறோம்: இலைகளை மூடிய தொட்டியில் இடுங்கள். உப்பும் புளியும் சேராத சோற்றைச் சிறிது தயிர் கலந்து ஒரு பாத்திரத்தில் தனியே எடுத்து வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தினின்றும் ஒதுங்கிய மூலையில் பெரியவர் ஒருவர் அதனை வைக்கட்டும். இவ்வொரு செயலை நம் சங்கம் ஆண்டுதோறும் செய்யுமாயின், கோவிவனுக்குக் கல் எடுத்த முன்னோரின் வழியில் நாமும் ஓரடி நடந்தவராவோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!