யாருப்பா இந்த எம். கே.?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் கணிதத் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன் பண்ணி, "பழைய கதையே பேசிட்டு இருக்காதேப்பா. ஆராய்ச்சி பண்ற பிள்ளைகளும் வர்றாங்க, பிரயோஜனமா ஏதாவது சொல்லு" என்றார். போன தடவை டாக்டர் நண்பர் இருதயத்தைப் பற்றிப் பேசினார். நான் கணக்கு வாத்தியார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் பார்க்கிற வைத்தியம்தான். அதையே சொல்கிறேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன்.

கடைசிப் பக்கம் என்று நான் சொல்வது துணைநூற்பட்டியலை. அதை யாரும் படிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நேரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். கீழே சுற்றமும் நட்பும் என்று போட்டிருக்கிற பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் படிப்போம். நடு மாமா பெயர் விட்டுப்போனால் இருபது வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது! துணைநூற்பட்டியலும் அந்த மாதிரிதான். யாரிடமிருந்து என்ன வாங்கினோம் என்பதை நாலு பேர் அறிய ஒப்புக்கொள்கிற இடம் அது.

நாம் படித்த காலத்தில் இந்தப் பட்டியலை டைப்ரைட்டரில் அடித்தோம். நடுவில் ஒரு நூலைச் சேர்த்தால் அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் மாறும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். இந்தக் கஷ்டத்தை மூன்று பேர் தீர்த்து வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் க்னூத், தம் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் லட்சணத்தைப் பார்த்து மனம் நொந்து, 1977-ல் 'டெக்' என்ற அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் 'லேடெக்'கைக் கட்டினார். 1985-ல் ஓரென் பட்டாஷ்னிக், துணைநூற்பட்டியலுக்கென்றே 'பிப்டெக்' எழுதினார். 1988-ல் வந்த பிப்டெக்கின் பதிப்பு எண் 0.99. 2010-ல் ஒரு சின்னத் திருத்தம் வந்தது; அப்போதும் 0.99 தான். ஒன்றை நெருங்கும், தொடாது. எல்லைப் பாடம் நடத்துகிற வாத்தியார்கள் உதாரணமாகச் சொல்லலாம்.

வேலை நடக்கிற விதம் சுலபம். 'பிப்' ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. அதை மொய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவு: ஆசிரியர், தலைப்பு, இதழ், வருஷம். ஒவ்வொன்றும் சுருள் அடைப்புக்குள் இருக்கும், இரண்டுக்கு நடுவில் ஒரு கமா. ஒவ்வொரு பதிவுக்கும் நாம் வைக்கிற ஒரு சுருக்கப் பெயரும் உண்டு. கட்டுரையில் அந்தச் சுருக்கப் பெயரை மட்டும் எழுதினால் போதும். முதல் தடவை லேடெக் ஓடும்போது, யார் யார் பெயர் தேவை என்று 'ஆக்ஸ்' என்ற ஃபைலில் சீட்டு எழுதி வைக்கும். பிப்டெக் அந்தச் சீட்டோடு மொய் நோட்டைப் புரட்டி, 'பிபிஎல்' என்ற ஃபைலில் பட்டியலைத் தயார் செய்யும். இரண்டாம் தடவை லேடெக் ஓடும்போது பட்டியல் உள்ளே வரும். மூன்றாம் தடவைதான் கட்டுரைக்குள் எண்கள் சரியாக உட்காரும். லேடெக், பிப்டெக், லேடெக், லேடெக். இந்த வரிசையை விட்டால் எண் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிதான் வரும். ஓவர்லீஃப் மாதிரி இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த நாலும் தானாகவே நடந்துவிடும். அதனால்தான் ஏதாவது கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு என் தங்கை மகள் போன் பண்ணினாள். "மாமா, நாளைக்குக் காலையில தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுக்கணும். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எல்லா இடத்துலயும் கேள்விக்குறியா வருது. 'ஐட்டம்'னு ஏதோ விட்டுப்போச்சுன்னு சொல்லுது. சாயங்காலத்துலேருந்து அந்த ஐட்டத்தைத் தேடிக்கிட்டு இருக்கேன்." அழாத குறை.

இங்கே இருக்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். லேடெக் 'ஐட்டம் விட்டுப்போயிருக்கலாம்' என்று சொன்னால், பெரும்பாலும் பட்டியல் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டியலைப் போட்டது லேடெக் இல்லை, பிப்டெக். ஆகவே பிப்டெக்கின் நாட்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். அது 'பிஎல்ஜி' என்ற ஃபைல். திறக்கச் சொன்னேன். அதில், "தகவல் ஃபைலை என்னால் திறக்க முடியவில்லை" என்று இருந்தது. பட்டாஷ்னிக் எழுதிய செய்திகளில் ஒரு விசேஷம், கம்ப்யூட்டர் 'நான், நான்' என்றே பேசும்: நான் எதிர்பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை, நான் தாண்டிப் போகிறேன். பாவம், உள்ளதைத்தான் சொல்கிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை.

"ஃபைல் பேரை மாத்தினியா?" என்று கேட்டேன். மாற்றியிருக்கிறாள். 'ஃபைனல்', 'ஃபைனல் இரண்டு', 'நிஜமான ஃபைனல்' என்று மூன்று பிப் ஃபைல்கள். கட்டுரைக்குள் இருந்ததோ பழைய பெயர். அதைத் திருத்தினதும் கேள்விக்குறிகள் போயின.

அடுத்தது வந்தது. ஒரு பிழை, இரண்டு எச்சரிக்கைகள். "கமாவையோ முடிக்கும் அடைப்பையோ எதிர்பார்த்தேன், 212-ஆம் வரி" என்பது பிழை. அந்தப் பதிவுக்கு இதழ் பெயர் இல்லை, வருஷம் இல்லை என்பவை எச்சரிக்கைகள். அவள் 212-ஆம் வரியைப் பத்துத் தரம் படித்துவிட்டாள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு 211-ல். தலைப்புக்குப் பின்னால் கமா போடவில்லை. பிப்டெக் அடுத்த வரிக்கு வந்து இதழ் பெயரைப் பார்த்த பிறகுதான் திகைத்து நிற்கும். அந்தப் பதிவின் மிச்சத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இதழையும் வருஷத்தையும் காணோம் என்ற புகார். மூன்று செய்திக்கும் காரணம் ஒரே ஒரு கமா.

அடைப்பை மூட மறந்தால் இன்னும் வேடிக்கை. முதல் பதிவில் செய்த தப்புக்கு அடுத்த பதிவின் முதல் வரியில் புகார் வரும். நம்ம வீட்டுக் குழாய் உடைந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் ஈரமாகிற மாதிரி. ஆகவே, சொன்ன வரியில் தப்பு இல்லையா, அதற்கு மேலே பாருங்கள். எப்போதும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாதிப் புகார்கள் தாமாகவே மறைந்துவிடும்.

மூன்றாவதாக, லேடெக்கே நின்றுபோனது. ஒரு பதிப்பகத்தின் பெயரில் '&' குறி இருந்தது. அட்டவணையில் கட்டம் பிரிப்பதற்கு உரிய குறி அது. முன்னால் ஒரு சாய்கோடு போட்டால்தான் லேடெக் அதைச் சாதாரண எழுத்தாக ஏற்கும். செய்தி பிபிஎல் ஃபைலின் வரி எண்ணைக் காட்டியதால் அவள் அந்த ஃபைலிலேயே திருத்தியிருக்கிறாள். பிப்டெக் அடுத்த தடவை ஓடும்போது அதைப் புதிதாக எழுதிவிடும். திருத்தம் போயே போச்சு. நாலு தடவை திருத்தி, நாலு தடவை அழித்திருக்கிறது. திருத்த வேண்டிய இடம் மொய் நோட்டு; அதைப் பார்த்து எழுதிய பட்டியல் இல்லை. பிறகும் பழைய பிழையே வந்தால் ஆக்ஸ், பிபிஎல் இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நாலு தடவை ஓட்டுங்கள். இரண்டுமே தானாகத் திரும்ப உண்டாகும் ஃபைல்கள்தாம், பயப்பட வேண்டாம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். "தேங்க்ஸ் மாமா, தூங்கப் போறேன்" என்றாள். "இருடி, இப்பதான் ஆரம்பமே. பட்டியலை எனக்குச் சத்தமா படி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நம் கணக்கு சாரை இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெயரைச் சொல்லாமல், முருகன் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் எப்போதும் 'முருகன் கே.' என்றுதான் கையெழுத்துப் போடுவார். அவர் வாழ்நாளில் எழுதியது நாலு பக்க ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்றே ஒன்றுதான். என் முதல் கட்டுரைக்கு வித்து அதில்தான் கிடைத்தது. 1996-ல், டாஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் போடுகிற மாதிரியே பெயரைப் பதிவு செய்தேன். பிஎல்ஜி ஃபைலை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

1997-ல் கட்டுரை அச்சாகி வந்தது. தனிப்பிரதியை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "யாருப்பா இந்த எம். கே.? தியாகராஜ பாகவதரா?" என்றார்.

நடந்தது இதுதான். கமா இல்லாத பெயரில் கடைசியாக வருவதைக் குடும்பப் பெயர் என்றும், முன்னால் வருவதைச் சொந்தப் பெயர் என்றும் பிப்டெக் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியர் வழக்கம் அது. நான் தேர்ந்தெடுத்த பாணியோ சொந்தப் பெயரை முதல் எழுத்தாகச் சுருக்குகிற பாணி. அதனால் 'முருகன்' சுருங்கி 'எம்.' ஆனது, இனிஷியல் 'கே.' குடும்பப் பெயராகிவிட்டது. 'கே. முருகன்' என்றோ, நடுவில் கமா போட்டு 'முருகன், கே.' என்றோ எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். பெயர் அப்படியே இருக்க வேண்டும் என்றால் இரட்டைச் சுருள் அடைப்புப் போட்டிருக்கலாம்.

"விடுப்பா, இனிஷியல் சரியாத்தானே இருக்கு" என்றார் சார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த நாலு பக்கத்தைக் குறிப்பிட்ட ஒரே கட்டுரை என்னுடையது. அதிலும் அவர் பெயர் இல்லை. இதழுக்கு எழுதினேன். ஒரு வரித் திருத்தம் போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் சார் காலமாகிவிட்டார்.

கம்ப்யூட்டர் கத்துகிற பிழை நல்ல பிழை. அது ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போய்விடும். கத்தாத பிழைதான் அச்சில் ஏறி நிலைத்துவிடும். அன்று ராத்திரி என் தங்கை மகள் படிக்கப் படிக்க, அப்படி இன்னும் மூன்று அகப்பட்டன. மூன்று ஆசிரியர்களின் பெயருக்கு நடுவில் 'அண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போடாமல் கமா போட்டிருந்தாள். பிப்டெக் மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. நாலாவது ஆள் இருந்திருந்தால் கமா அதிகம் என்று கத்தியிருக்கும். மூன்று பேர் வரை வாய் திறக்காது. டிபார்ட்மென்ட் ஆஃப் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி என்ற அரசுத் துறையை, நடுவில் 'அண்ட்' இருந்ததால், இரண்டு ஆசிரியர்களாகப் பிரித்திருந்தது. மூன்றாவது, ஒரு கட்டுரைத் தலைப்பில் ராமானுஜன் பெயரின் முதல் எழுத்தைச் சின்ன எழுத்தாக்கியிருந்தது. கணக்குப் படித்தவன் வீட்டில் இது நடக்கலாமா! அந்த எழுத்துக்கு ஒரு சுருள் அடைப்புப் போட்டால் தொடாது.

தமிழிலேயே துணைநூற்பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிப்டெக் ஒரு பைட்டை ஒரு எழுத்து என்று நினைக்கும். யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் 'மு' என்ற எழுத்துக்கு ஆறு பைட்டுகள். அதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து இனிஷியல் என்று வைத்தால் என்ன ஆகும்? தமிழ் நூல்களுக்கு 'பிப்லேடெக்', 'பைபர்' என்ற புதிய ஜோடியைப் பயன்படுத்துங்கள். இவற்றுக்கு யூனிகோடு புரியும்.

முடித்துவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்தால் தாத்தா என்ன செய்வார்? திண்ணையில் உட்கார்ந்து ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டுவார். பிழை பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகு, பிள்ளைகளே, நீங்களும் பட்டியலை அச்செடுத்து ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஆள் வருகிறாரா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஊரில் ஒரே ஒரு குறிப்பை எழுதிவிட்டு, நம் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருக்கலாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.