லண்டன் போகலாம், செஞ்சியைப் பற்றிப் படிக்கக் கூடாதா?

(செஞ்சியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2022 நவம்பரில், போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழ்நாடு அரசு ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துப் போனது. ஷார்ஜா புத்தகக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 'இது எதுக்கு வீண் செலவு' என்று என் காதுபடவே சிலர் பேசினார்கள். காசு கட்டிப் படிக்கிற பிள்ளை சிங்கப்பூர் போனால் அதற்குப் பெயர் அனுபவம். நம் பிள்ளை போனால் செலவு!

வெளிநாடு நமக்கொன்றும் புதிதில்லை. கூலி வேலைக்கு வளைகுடா போனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உழைக்கப் போனார்கள். பார்க்கவும் படிக்கவும் போவது வேறு.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது வயது 22. அங்கே வாழ்ந்த ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அழிந்துபோனதாகப் பின்னாளில் எழுதினார். நாடு திரும்பி பரோடாவில் இறங்கியதும் எங்கே தங்குவது என்பதே பிரச்சினை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இன்னொரு சமூகத்தில் வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் இந்த ஊரின் வழக்கம் இயற்கையானதல்ல என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியும். (சாதியும் விமானம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட வேண்டி வந்தது.)

1916 மே மாதம், அதே கொலம்பியாவில், மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் அவர் வாசித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது.

இப்போது இதைக் கேளுங்கள். பட்டியல் சாதி மாணவர்களும் இன்னும் சில பிரிவினரும் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஒன்றிய அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. 2022இல் அதன் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தப் பணம் கிடையாது. அந்த விதி அன்றிருந்தால் அம்பேத்கரின் தலைப்புக்கும் கிடைத்திருக்காது. அதற்கெல்லாம் இங்கேயே வசதி இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

இருக்கிறதா? நம் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எல்லாருக்கும் தெரியும். சக்கிலி துர்க்கம் என்று ஒரு சிறு குன்றை வழிகாட்டிக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று வசையாக வீசப்படுகிற ஒரு சாதிப் பெயர் கோட்டைக் குன்றுக்கு எப்படி வந்தது? அங்கே யார் காவல் நின்றார்கள்? கோட்டைச் சுற்றுலாவில் எந்த ஆசிரியராவது இதைச் சொன்னாரா?

1750 முதல் 1761 வரை இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிறகு ஆங்கிலேயர். பிரெஞ்சுக் காலனிய ஆவணங்களுக்கான காப்பகம் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கிறது. கம்பெனி ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். அங்கே போய்த் தேடிப்பார்க்க ஒரு செஞ்சித் தங்கை நினைத்தால், அவளுக்கு அந்த உதவித்தொகை இல்லை.

அடுத்த பயணப் பட்டியலில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று கேட்போம். போகிறவர்கள் உயரமான கட்டடங்களைப் பாருங்கள், தப்பில்லை. அங்கே கழிவறையை யார் கழுவுகிறார்கள், எந்த நாட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்பதையும் பார்த்து எழுதுங்கள். உதவித்தொகை விதியை மாற்றக் கோரும் மனு வெளியே மேசையில் இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.