மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை வளர்க்கும் அவையில் கிதார் இசையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கூடியிருப்பது தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், மழலைச் சொல்லை யாழிசையோடு வைத்து எண்ணிப் பார்த்ததைப் புறநானூறு கற்றோர் அறிவர். சொல்லை நரம்பிசையால் அளப்பது இம்மண்ணின் பழைய வழக்கம்.

நான் எடுத்துக்கொண்டது, 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்னும் இசைத்தொகுப்பு. ஆக்கியவர், ஜாஸ் கிதார்க் கலைஞர் ஆர். பிரசன்னா. இராணிப்பேட்டையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியலும், பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் இசையும் பயின்றவர். கர்நாடக இசையைக் கிதாரில் வாசித்துப் பெயர் பெற்றவர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்னும் தொகுப்பின் பெயரை இது எதிரொலிக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ், கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் ஊறியவர்; சோல் இசை பாடிய ஐஸ்லி பிரதர்ஸ் குழுவில் பின்னணி வாசித்தவர்; 1970இல், 27ஆம் வயதில் மறைந்தவர். அவருக்குச் செலுத்திய காணிக்கையே இத்தொகுப்பு.

காணிக்கைக்கு எளிய வழி, அவர் பாடல்களையே திரும்ப வாசிப்பது. பிரசன்னா அவ்வழியில் செல்லாமல், புதிய ஆக்கங்களை இயற்றி, மின்கிதாரின் உறுமலோடு நம் தாள வாத்தியங்களைச் சேர்த்தார். ஓர் ஆக்கத்திற்கு ‘ஸ்ரீ ஜிமி’ என்று பெயர். மற்றொன்றின் தலைப்பில் திருவல்லிக்கேணி வருகிறது.

இவ்விரு இசைகளும் எங்கே சந்திக்கின்றன? கிதாரில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள், வீணையிலும் அவ்வாறே. கமகமோ மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே வாழ்வது. வீணைக் கலைஞர் தந்தியை இழுத்து அதைப் பிறப்பிக்கிறார். புளூஸ் கலைஞரும் தந்தியை வளைத்து, நம் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடைப்பட்ட ஓர் ஒலியைத் தேடுகிறார். இருவரும் நாடுவது மனிதக் குரலை. ஆயினும் கமகத்தை ஆள்வது இராக இலக்கணம். புளூஸின் வளைவை ஆள்வது, அடிமைத்தளையில் வாடிய மக்களின் பாட்டுவழி வந்த குரல்வழக்கு. ஒரே அசைவு, இருவேறு நியாயங்கள். இரண்டையும் தனித்தனியே கற்றவர்க்கே அவை ஒரு தந்தியில் இசையும். ஆகவே ‘கலவை இசை’ என்னும் சொல் இம்முயற்சிக்குப் போதாது.

கவிஞர்களே, இது நம் வழக்கும் ஆகும். பாரதியார் 1916இல் ஜப்பானியக் கவிதையைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். இன்று மூன்று வரி எழுதினால் ஹைக்கூ என்கிறோம். காதலும் மதுவும் வந்தால் கஜல் என்கிறோம். வடிவத்தை வாங்கினோம், அதன் நியாயத்தை வாங்கினோமா? மறுபுறம், அயல் வடிவமே வேண்டா என்போரும் நம்மிடையே உளர். அவர்களுக்கு வயலினே விடை. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கியிராவிடில், இன்றைய கச்சேரி மேடை எப்படியிருக்கும்? மின் மாண்டலினில் இராகத்தை முழுதாகப் பாடவைத்த யு. ஸ்ரீநிவாஸும் (1969–2014) அதையே மெய்ப்பித்தார். அயற்கருவி நம் கமகத்துக்கு வளைந்தது; வளைத்த விரல்கள் பல்லாண்டு பயின்றவை.

இரவல் வாங்குவது இழுக்கன்று. பயிலாமல் வாங்குவதே இழுக்கு. பத்தாண்டுகளாக நம் வட்டம் கவிதைகளை அரங்கேற்றி வந்துள்ளது. இனி, ஒரு வடிவத்தை அரங்கேற்றுமுன், அது பிறந்த மொழியில் எத்தேவைக்காகப் பிறந்தது என்பதைக் கூடியிருந்து கற்போமாக. தமிழ்ச் சொல் அவ்வடிவத்தில் எங்கே வளைய மறுக்கிறது என்பதையும் கேட்போமாக. மறுக்கும் அந்த இடத்திலேதான் நம் கவிஞனின் வேலை தொடங்குகிறது.